காய்காரம்மா மகனும் உங்கள் மகனும்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு. கோபம் வந்தால் தன்னையே மறந்துவிடுகிறான். போன மாதம் வாட்ச்மேன் பையனின் சட்டையைக் கிழித்தான். இப்போது இன்னொரு பையனை ஜியாமெட்ரி பாக்ஸால் நெற்றியில் அடித்து, இரண்டு தையல். அந்தப் பையனின் அம்மா எங்கள் தெருவில்தான் காய்கறி விற்கிறாள். பள்ளிக்கூடத்துக்கே வந்து கத்தினாள். அதிலிருந்து அவளிடம் வாங்குவதில்லை. 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க' என்று வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் கவுன்சலிங் போகச் சொல்கிறார். அவசியமா?
- ஓர் அம்மா, ஈரோடு

பதில்: போங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் காய்கறிக் கடைக்குப் போங்கள்.

உங்கள் மகன் மண்டையை உடைப்பான், நீங்கள் அந்த அம்மாவின் வியாபாரத்தைக் கெடுப்பீர்களா? அடிபட்ட பிள்ளைக்குக் காயம் ஆறியதா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஆசிரியர் உங்களுக்கு 'அவர்'. காய் விற்கிறவர் மட்டும் 'அவள்'.

தன்னை மறக்கிறானாம்! மறந்தவன் ஆள் பார்த்தா அடிப்பான்? டாக்டர் வீட்டுப் பையன் மேல் ஒரு நாளாவது கை வைத்தானா, விசாரியுங்கள்.

2023இல் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டக்கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றை வாத்தியார் அறுத்துவிடுவார். சோறு போடும்போது நீங்கள் சொல்லும் 'அவளை' யார் வந்து அறுப்பது?

தோல் உரிக்கிற பேச்சை விடுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி ஆசிரியர் பிள்ளையை அடிக்கவே கூடாது. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: எந்தப் பீரியடில் அடி விழுகிறது, சுற்றி நின்று சிரிக்கிறது யார்? நான் கேட்ட கதைகளில் பாதி, ஒரு ஆசிரியர் போய் இன்னொருவர் வருவதற்குள் நடந்தவை. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவனை நோட்டுக் கட்டைத் தூக்க விடச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை மகனோடு கடைக்குப் போங்கள். அடித்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்கட்டும். வாய் திறக்கும்வரை வெயிலில் நில்லுங்கள். கடையை ஒதுக்கியதற்கு நீங்கள் கேளுங்கள். தையல் செலவைக் கொடுங்கள். அந்த அம்மா திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக் காயையும் வாங்குங்கள், பையை அவன் தூக்கட்டும். பேரம் பேசாதீர்கள்.