ஊட்கிராஃப்ட்ட தூக்குனது சரியா?

வணக்கம் அண்ணா,

போன வாரம் நீங்க எழுதுனதுல, சீசன் நடுவுல கோச்ச தூக்குறது நிர்வாகம் தன் தப்ப மறைக்க பண்ற வேலைன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. என்னால அத ஒத்துக்க முடியல. நான் கனடாவுல எட்மன்டன்ல இருக்கேன், இந்த ஊர் ஐஸ் ஹாக்கி டீம் ஆயிலர்ஸோட ரசிகன். 2023 நவம்பர்ல 13 மேட்ச்ல 3 தான் ஜெயிச்சிருந்தோம். கோச் ஜே ஊட்கிராஃப்ட்ட தூக்கிட்டு கிரிஸ் நாப்லாக்க கொண்டுவந்தாங்க, அதே சீசன்ல வரிசையா 16 மேட்ச் ஜெயிச்சு, லீக்கோட கோப்பையான ஸ்டான்லி கப் ஃபைனல்ல ஏழாவது மேட்ச் வரைக்கும் போனோம். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? ஆனா கூட வேலை பாக்குற ஒருத்தர் இன்னிக்கும் லஞ்ச் டேபிள்ல சண்டைக்கு வர்றார், ஊட்கிராஃப்ட்டுக்கு அநியாயம் நடந்துச்சு, டீமோட பெரிய ஸ்டார் மெக்டேவிட்டுக்கு வேண்டியவர கொண்டுவரத்தான் இதெல்லாம் பண்ணாங்கன்னு. யார் சொல்றது சரி? அப்புறம் ஊட்கிராஃப்ட் இப்ப எங்க இருக்கார்?

கே., எட்மன்டன்

வணக்கம் தம்பி,

உங்க ஆதாரத்துல ஒரு பத்து நாள் காணாம போயிருக்கு. கோச்ச மாத்துனது நவம்பர் 12. நாப்லாக் வந்து முதல் ரெண்டு மேட்ச் ஜெயிச்சார், சரி. அதுக்கப்புறம் டாம்பா, ஃப்ளோரிடா, கரோலினான்னு வரிசையா மூணு ஊர்ல அடி. நவம்பர் 22 ராத்திரி ஆயிலர்ஸ் கணக்கு 5 வெற்றி, 12 தோல்வி, ஓவர்டைம்ல போனது ஒண்ணு. அன்னிக்கு உங்ககிட்ட யாராவது கேட்டிருந்தா கோச்ச மாத்துனது வேலைக்கு ஆகலன்னு தான் சொல்லியிருப்பீங்க. நவம்பர் 24ல இருந்து எட்டு மேட்ச் ஜெயிச்சாங்க, மறுபடி மூணு தோத்தாங்க, டிசம்பர் 21ல தான் அந்த 16 ஆரம்பிக்குது. ஆறு மாசம் கழிச்சு திரும்பிப் பாக்கும்போது இதெல்லாம் ஒரே நேர்கோடு மாதிரி தெரியுது, அவ்வளவுதான்.

அப்ப என்னதான் மாறுச்சு? என்னைக் கேட்டா முதல்ல கோல்கீப்பர். அந்த சீசன்ல ஜாக் கேம்பல் ஆடுனது அஞ்சு மேட்ச், 100 ஷாட் வந்தா 87 தடுத்தார். கேக்குறதுக்கு நல்ல மார்க் மாதிரி இருக்கும், ஆனா என்ஹெச்எல்ல, அதான் ஆயிலர்ஸ் ஆடுற லீக்ல, சராசரி ஆளே 90 தடுப்பார், ஒரு மேட்ச்சுக்கு 30 ஷாட்னு வச்சுக்கிட்டா ஒவ்வொரு ராத்திரியும் முக்கால் கோலுக்கு மேல பின்னாடி நின்னுக்கிட்டு தான் ஆட்டத்தையே ஆரம்பிக்கிறீங்கன்னு அர்த்தம். கேம்பல நவம்பர் 8 அன்னிக்கு கீழ் லீக் டீமான பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அனுப்புனாங்க. இன்னொரு கோல்கீப்பர் ஸ்டுவர்ட் ஸ்கின்னரும் அப்ப அதே லட்சணம் தான். அதே ஸ்கின்னர் டிசம்பர், ஜனவரில 12 மேட்ச் வரிசையா ஜெயிச்சு ஆயிலர்ஸ் கோல்கீப்பர்கள்லயே புது ரெக்கார்டு போட்டார். அக்டோபர்ல அடிபட்டு ரெண்டு மேட்ச் உக்காந்த மெக்டேவிட்டும் அந்த நேரத்துல தான் பழைய வேகத்துக்கு வந்தார், சீசன் முடிவுல 100 அசிஸ்ட், அதாவது அடுத்தவங்க கோல் போட பாஸ் கொடுத்தது.

நவம்பர் 9, சான் ஹோசே மேட்ச் ஞாபகம் இருக்கா? அந்த சீசன்ல முதல் 11 மேட்ச்லயும் தோத்த டீம் ஷார்க்ஸ், அதுவும் முந்தின வாரம் தான் அடுத்தடுத்து ரெண்டு மேட்ச்ல பத்து பத்து கோல் வாங்கியிருந்தாங்க. அவங்கள பாத்து ஆயிலர்ஸ் 40 ஷாட் கிட்ட அடிச்சாங்க, உள்ள போனது ரெண்டு. இந்தப் பக்கம் வந்ததே கொஞ்சம், அதுல மூணு உள்ள. ஊர் மொத்தமும் கோச்ச தூக்குன்னு கத்துனது அன்னிக்கு ராத்திரி தான். ஆனா அந்த மேட்ச்ச உக்காந்து பாத்தவங்களுக்கு தெரியும், பக்கு (பந்துக்குப் பதிலா இருக்குற வட்டு) பெரும்பாலும் ஷார்க்ஸ் பக்கம் தான் கிடந்துச்சு, சான்ஸ் உருவாக்குறதுல குறை இல்ல. இந்த மாதிரி ஓட்டம் எப்பவும் அப்படியே நீடிக்காது, கோச் இருந்தாலும் மாறும், போனாலும் மாறும். நடுவுல ஒருத்தர தூக்கிட்டா, காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா, பேர் அந்தத் தூக்குன முடிவுக்குப் போயிடும்.

சரி, அப்புறம் ஏன் தூக்குனாங்க? இங்கதான் பணம் வருது. அந்த சீசன்ல ஒரு டீம் பிளேயர்ஸ் சம்பளத்துக்கு செலவு பண்ண முடிஞ்சது 8 கோடியே 35 லட்சம் டாலர், அதுக்கு மேல போகக்கூடாது, அந்த வரம்புக்குப் பேர்தான் கேப், ஆயிலர்ஸ் அந்த விளிம்புல தான் நின்னாங்க. கேம்பலுக்கு 5 வருஷம், வருஷத்துக்கு 50 லட்சம்னு கையெழுத்து போட்டது ஜெனரல் மேனேஜர் கென் ஹாலண்ட். ஆள கீழ் லீக்குக்கு அனுப்புனாலும் அதுல 38 லட்சத்து 50 ஆயிரம் கேப் கணக்குல ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. அடுத்த கோடையில பைஅவுட் பண்ணி, அதாவது மீதி சம்பளத்துல ஒரு பங்க கொடுத்து கான்ட்ராக்ட்ட முடிச்சு விட்டாங்க, அந்தக் கணக்கு 2030 வரைக்கும் ஓடும். நவம்பர்ல வேற கோல்கீப்பர் வாங்கலாம்னா கேப்ல இடம் இல்ல, விக்கலாம்னா வாங்க ஆள் இல்ல. ஆனா கோச் சம்பளம் கேப்ல வரவே வராது! அவர வீட்டுக்கு அனுப்பி மீதி கான்ட்ராக்ட் காச கொடுத்தா ஓனர் பாக்கெட்ல இருந்து போகும், டீமுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு ஜெனரல் மேனேஜர் நவம்பர் மாசத்துல நினைச்ச உடனே மாத்தக்கூடிய ஒரே ஆள் அவர்தான். போன வாரம் அந்த வரிய எழுதும்போது என் மனசுல இருந்தது இதுதான். கேம்பல வாங்குனவர் மேடையில உக்காந்து பிரஸ்மீட் கொடுக்குறார், கேம்பல வச்சு ஆட வேண்டியிருந்த ஊட்கிராஃப்ட் பெட்டிய கட்டுறார். இத்தனைக்கும் அதுக்கு முந்தின சீசன் அந்த மனுஷன் டீம் 50 மேட்ச் ஜெயிச்சது, பவர்பிளேல (எதிர் டீம்ல தண்டனையால ஆள் குறையுற நேரம்) கோல் போட்டது 32.4 சதவீதம், என்ஹெச்எல் வரலாறுலயே அதுதான் டாப்.

இன்னொண்ணும் இருக்கு. 2023-24 சீசன் நடுவுல வேலை போன கோச் மொத்தம் ஏழு பேர், நீங்க ஒரே ஒருத்தர தான் கணக்குல எடுத்திருக்கீங்க. மினசோட்டா, ஒட்டாவா, செயின்ட் லூயிஸ், நியூ ஜெர்சி நாலும் கோச்ச மாத்தியும் பிளேஆஃப், அதான் கப்புக்கான நாக்அவுட் சுத்து, பக்கமே வரல. நியூயார்க் ஐலண்டர்ஸ் பேட்ரிக் ராய கொண்டுவந்தாங்க, பிளேஆஃப் வந்தாங்க, முதல் ரவுண்டுல காலி. லாஸ் ஏஞ்சலஸும் முதல் ரவுண்டோட சரி, அதுவும் நம்ம ஆயிலர்ஸ் கையால. அதுல செயின்ட் லூயிஸ் தூக்குன கிரெய்க் பெரூபே யாரு? 2018 நவம்பர்ல இதே மாதிரி நடுவுல வந்து 2019ல அதே டீமுக்கு கப் வாங்கிக் கொடுத்தவர்! அந்தக் கதையும் எல்லாரும் பாதியா தான் சொல்லுவாங்க. பெரூபே வந்து ஆறு வாரம் ஆகியும் 2019 ஜனவரி 3 அன்னிக்கு செயின்ட் லூயிஸ் லீக்லயே கடைசி இடம். அதுக்கு நாலு நாள் கழிச்சு ஜோர்டன் பின்னிங்டன்னு ஒரு கோல்கீப்பர் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணார், எதிர் டீமுக்கு ஒரு கோல் கூட இல்ல. அதுக்கப்புறம் தான் வண்டி நகர ஆரம்பிச்சது. மறுபடியும் கோல்கீப்பர், பாத்தீங்களா.

இதுக்காக கோச் யாரா இருந்தாலும் ஒண்ணுதான்னு நான் சொல்ல வரல. நாப்லாக் கூடவே டிஃபன்ஸ்மென்ன பாத்துக்க பால் காஃபி பெஞ்சுக்கு வந்தார், எண்பதுகள்ல இதே எட்மன்டனுக்கு மூணு கப் ஜெயிச்ச டிஃபன்ஸ்மென். பதறி அடிச்சு கண்ணாடில மோதி பக்க வெளிய தள்ளாதீங்க, கையில வச்சு நிதானமா பாஸ் போடுங்கன்னு பசங்கள ஆட விட்டார். ஈவான் பௌச்சார்ட்னு ஒரு டிஃபன்ஸ்மென்ன அக்டோபர்ல ஊரே திட்டுச்சு, அந்தப் பையன் 82 பாயின்ட்டோட (கோலும் அசிஸ்ட்டும் சேத்து) சீசன முடிச்சான். ஊட்கிராஃப்ட் கோடையில டிஃபன்ஸ் முறைய மாத்திப் பாத்ததும் பிளேயர்ஸுக்கு ஒட்டல, யார் யாரப் பிடிக்கணும்னே தெரியாம கோல் முன்னாடி ஆள விட்டுட்டு நின்னாங்க. அது அவர் கணக்குல தான் வரும். ஆனா அதுக்கு தண்டனை வேலையே போறதான்னா, எனக்கு அப்படித் தோணல.

மெக்டேவிட் விஷயம். நாப்லாக் ஈரி ஆட்டர்ஸ்ல அவருக்கு ஜூனியர் கோச், டீமோட ஹாக்கி பிரிவுக்கு தலைவரா வந்த ஜெஃப் ஜாக்சன் அவரோட பழைய ஏஜென்ட். சந்தேகப்படாம இருந்தாத்தான் ஆச்சரியம். பிளேயர்ஸ கலந்துக்கிட்டு எடுத்த முடிவு இல்லன்னு நிர்வாகம் சொன்னாங்க. நான் அத அப்படியே எடுத்துக்குறேன், ஏன்னா மெக்டேவிட் வாயத் திறந்து கேக்கவே தேவையில்ல. அன்னிக்கு இருந்த அவர் கான்ட்ராக்ட் 2026ல முடியுறதா இருந்துச்சு, அந்த நிலைமையில அவருக்கு யாரப் பிடிக்கும்னு யோசிக்காத நிர்வாகம் எந்த ஊர்ல இருக்கும் சொல்லுங்க. உங்க நண்பர் இதுல சதி இருக்குன்னு சொன்னா அது கொஞ்சம் ஓவர், ஆனா அநியாயம்னு சொன்னா நான் அவர் பக்கம் தான். நீங்க சொல்றதுல எனக்கு உடன்பாடு உள்ளது, நாப்லாக் நல்ல கோச்னு மட்டும். அதுக்கு அந்த 16 வெற்றிய விட, ஃபைனல்ல ஃப்ளோரிடாகிட்ட 0-3னு விழுந்துட்டு 3-3 வரைக்கும் டீம இழுத்துட்டு வந்தத தான் நான் காட்டுவேன்.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. ஊட்கிராஃப்ட் எட்மன்டனுக்கு வந்ததே எப்படி? 2022 பிப்ரவரில, சீசன் நடுவுல, டேவ் டிப்பெட்ட தூக்கிட்டு தான். அந்த வருஷம் கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரைக்கும் போனாங்க, அப்பவும் ஊர்ல எல்லாரும் நீங்க சொன்ன அதே ஆதாரத்த தான் காட்டுனாங்க.

அவர் எங்கன்னு கேட்டீங்களே, 2025 கோடையில அனஹைம் டக்ஸ் அவர அசிஸ்டன்ட் கோச்சா எடுத்தாங்க, ஹெட் கோச் ஜோயல் குவென்வில் கூட. எட்மன்டன் இருக்குற அதே பசிஃபிக் டிவிஷன் தான், அதனால வருஷத்துக்கு மூணு நாலு தடவ எதிர் பெஞ்சுல பாக்கலாம்.