அஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தவர் குறட்டை விட்டால் பயப்பட வேண்டுமா?

அப்பாவுக்குப் போன மாதம் கொழும்பில் அஞ்சியோ செய்து, அதாவது அடைபட்ட இதய இரத்தக் குழாயைத் திறந்து, இரண்டு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து பிடிக்கும் சின்னக் கம்பிவலைக் குழல்) வைத்தார்கள், இரவில் பலமாகக் குறட்டை விடுகிறார், நடுவில் மூச்சு நின்று நின்று வருவதாக அம்மா சொல்கிறார், இதற்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டா, நித்திரையில் மூச்சை அளந்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "அம்மா சொல்கிறார்" என்ற அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும் மகளாகத்தான் இருக்க வேண்டும். மகன் என்றால் அம்மா சொன்னதைக் கேள்வியில் சேர்த்திருக்க மாட்டார். தப்பென்றால் மன்னிக்கவும்.

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். "இணையத்தில் நாலு வரி படித்துவிட்டு வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்கள்" என்று எழுத எப்போதும் ஒருவர் இருப்பார். அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் வைத்தியம் சொல்லவில்லை. ஒரு மனிசனுக்குப் பக்கத்தில் முப்பத்துமூன்று வருடம் படுத்த அனுபவத்தைச் சொல்கிறேன். அது அவருக்கு இல்லை.

சுருக்கமான பதில்: சம்பந்தம் உண்டு, ஸ்லீப் ஸ்டடி செய்யுங்கள். நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் இந்தக் கோளாறை ஸ்லீப் அப்னியா என்பார்கள். நேரம் இருந்தால் மிச்சத்தை வாசியுங்கள்.

என் கணவருடைய குறட்டை எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் பிரசித்தம். கரையோர ரயில் போகிற சத்தமே அதற்குள் அமுங்கிவிடும். அது எனக்குப் பழகிவிட்டது. திடீரென்று சத்தம் அறுந்து போகும் நேரம்தான் பழகவில்லை. நெஞ்சு மட்டும் மேலும் கீழும் இழுபடும், மூக்காலோ வாயாலோ ஒன்றும் வராது. பிறகு மாடு செருமுவது போல ஒரு சத்தம், ஒரு புரளல், திரும்பவும் குறட்டை. கணக்கு ரீச்சர் அல்லவா, எண்ணத் தொடங்கினேன். மேசை மணிக்கூட்டின் வினாடி முள்ளைப் பார்த்து ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைத்தேன். 18, 25, 22, ஒரு தடவை 34. முப்பத்துநான்கு வினாடி எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டுமென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பாருங்கள்.

2019 நவம்பரில் ஒரு நாள் விடியப்புறம் நாலு மணிக்கு, நெஞ்சை அழுத்துகிறது என்று எழும்பி உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை. பக்கத்து ஃபிளாட் பையன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பினார்கள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, சிகரெட் உண்டா, ஆஸ்துமா உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? குறட்டைக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. மணிக்கட்டு வழியாகப் போய் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது.

அன்று இரவு அறையில் நான்தான் துணைக்கு இருந்தேன். விரலில் மாட்டியிருந்த ஒட்சிசன் கிளிப்பின் எண் 95-இலிருந்து 84-க்கு இறங்கும், பிறகு 79, அலாரம் கத்தும். நேர்ஸ் பிள்ளை ஓடி வந்து, கிளிப் கழன்றுவிட்டது என்று திரும்ப மாட்டிவிட்டுப் போவார். அதற்குள் இவர் செருமி மூச்சு எடுத்துவிடுவார், எண்ணும் ஏறிவிடும். மூன்றாவது தடவை அலாரச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார். "மிஸ், கிளிப் கழரவில்லை, மூச்சுத்தான் நிற்குது" என்றேன். "ஆம்பிளைகள் எல்லாரும் குறட்டை விடுறதுதானே அன்ரி" என்று சிரித்தார். காலையில் பெரிய டொக்டரிடம் கொப்பியை நீட்டினேன். வாங்கவில்லை. உடம்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கை பட்டதால்தான் இவர் இன்றைக்கும் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு இருக்கிறார். ஆனாலும் கொப்பியை வாங்கிப் பார்த்திருக்கலாம்.

2021 பெப்ரவரியில் திரும்பவும் நெஞ்சு நோ. அஞ்சியோகிராமில் (இரத்தக் குழாய்ப் படத்தில்) பார்த்தால் அதே ஸ்டென்டின் உள்ளே சுருங்கியிருந்தது. இந்தத் தடவை பார்த்தவர் ஒரு இளம் டொக்டர். "இரவில் நித்திரை எப்படி?" என்று இவரிடம் கேட்டார். "முதல் தரம்" என்றார் இவர். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தேன்.

கழுத்தை நாடாவால் அளந்தார், 43 சென்ரிமீற்றர். நாற்பதுக்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டுமாம். வீட்டிலேயே ஓர் இரவு ஸ்லீப் ஸ்டடி. நெஞ்சில் ஒரு பட்டி, மூக்கில் ஒரு சின்னக் குழாய், விரலில் கிளிப், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் மணித்தியாலத்துக்கு 41 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ இருந்தது. ஐந்துக்குக் கீழே என்றால் சாதாரணம், 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ஒட்சிசன் ஒரு கட்டத்தில் 71 வரை இறங்கியிருந்தது.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன். நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடுகிறது. அடைபட்ட வழியோடு நெஞ்சு மல்லுக்கட்டி இழுக்கும்போது உள்ளே அழுத்தம் இறங்கி இதயச் சுவரையும் சேர்த்து இழுக்கிறது. ஒட்சிசன் குறைந்ததும் மூளை பதறி ஆளை உலுப்பி எழுப்புகிறது. அந்த நேரம் பிரஷர் எகிறுகிறது, நாடி பாய்கிறது. இது மணித்தியாலத்துக்கு 41 தடவை. இப்படியே வருடக்கணக்காக நடந்தால் இரத்தக் குழாயின் உட்சுவர் கெடும், இரத்தத் தட்டுகள் இலகுவில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டென்ட் அடைப்பைத் திறந்து பிடித்துக்கொள்ளும், இரவிரவாக நடக்கும் இந்த அடிபிடியை அது நிறுத்தாது. "அப்படியென்றால் குறட்டையால்தானா திரும்பச் சுருங்கியது?" என்று கேட்டேன். சுகரும் இருக்கிறதே, ஒரு காரணத்தைப் பிடித்து அதனால்தான் என்று சொல்ல ஏலாது என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: சிங்கப்பூர் டொக்டர்கள் தலைமையில் ஐந்து நாடுகளில் ஸ்டென்ட் வைத்த 1,311 பேரை ஏழு நாளுக்குள் ஸ்லீப் ஸ்டடி செய்து பார்த்தார்கள், 2016-இல் முடிவு வந்தது. 45 சதவீதமானவர்களுக்கு இந்தக் கோளாறு இருந்தது. மூன்று வருடத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் போன்ற பெரிய சிக்கல் வந்தது கோளாறு உள்ளவர்களில் 18.9 சதவீதம், இல்லாதவர்களில் 14 சதவீதம். நூறு பேருக்கு ஐந்து பேர் வித்தியாசம்.

இனி எனக்குப் பிடிக்காத எண்ணையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் கணக்கு ரீச்சரே இல்லை. முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபாப் மெஷின் போட்டால் அந்த ஐந்து பேரும் தப்பிவிடுவார்களா? அதே 2016-இல், ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரில் செய்த சேவ் என்ற பெரிய ஆய்வில், மெஷின் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் மாரடைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் மெஷினைப் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலம். ஏழு மணித்தியால நித்திரையில் பாதிகூட இல்லை. சுவீடனில் ஸ்டென்டோ பைபாஸோ செய்த 244 பேரைப் பார்த்த ஆய்விலும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை, நாலு மணித்தியாலத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மட்டும் ஆபத்துக் குறைந்திருந்தது. அதையும் அப்படியே நம்பக் கூடாது. முகமூடியை ஒழுங்காகப் போடுகிறவர் மாத்திரையையும் ஒழுங்காகத்தான் குடிப்பார்.

அப்படியென்றால் ஏன் போட வேண்டும் என்கிறீர்களா? இவருக்குக் காலைத் தலையிடி போனது. பிரஷர் மாத்திரை ஒன்று குறைந்தது. பத்திரிகை வாசிக்கும்போது தூங்கி விழுவது நின்றது. நானும் நித்திரை கொண்டேன். எனக்கு அது போதும்.

மெஷின் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் அனுப்பியது. சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் கண்டுபிடித்து 1981-இல் வெளியிட்ட முறை இது, ஆரம்பத்தில் வெக்கும் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் செய்தாராம். சத்தத்தைக் கேட்டால் நம்பலாம். முகமூடியையும் குழாயையும் பார்த்த பேரன் "பிள்ளையார் தாத்தா" என்றான். அதற்குப் பிறகு இவர் ஒரு கிழமை அதைத் தொடவில்லை. பிறகு சங்கடஹர சதுர்த்தி ஒன்றில் தானாகவே மாட்டிக்கொண்டார்.

அப்புறம் வந்தது 2022. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம். ஃபேன் நின்றால் நான் எழும்ப மாட்டேன், குறட்டை தொடங்கினால்தான் கரண்ட் போனது தெரியும். எங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டும். டொக்டர் கடிதத்தோடு, ஒரே ஒரு பிளக்குக்கு லைன் தாருங்கள், டீசல் காசு நான் தருகிறேன் என்று குழுவிடம் கேட்டேன். உங்களுக்குத் தந்தால் எல்லாரும் ஒவ்வொரு மெஷினோடு வருவார்கள் என்றார்கள். அதே மாதம் கீழ் மண்டபத்தில் ஒரு சாமத்திய வீட்டுக்கு அந்த ஜெனரேட்டர் சீரியல் பல்பு எரித்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தெரியும். இன்னும் மனதில் கிடக்கிறது, அதனால் எழுதினேன். கடைசியில் கார் பற்றரியும் இன்வெர்ட்டரும் வாங்கிக் கட்டிலடியில் வைத்தேன்.

சரி, அப்பா விசயம். ஸ்லீப் ஸ்டடி முடியும்வரை ஒரு பக்கமாகச் சரிந்து படுக்கச் சொல்லுங்கள். நித்திரைக் குளிசையும் இரவில் மதுவும் இதைக் கூட்டும். ஸ்டென்டுக்குக் கொடுத்த மாத்திரைகளை டொக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். எப்போதாவது பைபாஸ் அல்லது வேறு ஒபரேஷன் என்று வந்தால், மயக்க மருந்து கொடுப்பவருக்கு இதை முதலே சொல்லுங்கள். பிறகு கொடுக்கும் வலி மருந்துகள் சில மூச்சை இன்னும் அடக்கும், பைபாஸ் முடிந்தவர்களுக்கு இந்தக் கோளாறு இருந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாவதும் கூடுதல். மெஷின் இருந்தால் வாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கொப்பி வேண்டாம், அதை யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள். அம்மாவைப் போனில் ஐந்து நிமிட வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மணிக்கூடு தெரிகிற மாதிரி. டொக்டரிடம் போகும்போது அம்மாவும் கட்டாயம் கூடப் போக வேண்டும். அப்பாவிடம் மட்டும் கேட்டால் தான் குறட்டையே விடுவதில்லை என்பார். இரண்டு ஸ்லீப் ரிப்போர்ட் அலுமாரியில் இருக்கிறது, இவர் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்.