கேட்டது ஒண்ணு, பதில் ரெண்டு

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்,

நான் 3 வருஷமா சண்டே கிளாஸ் எடுக்குறேன், 13 பிள்ளைங்க, எல்லாருக்கும் ஒன்பது பத்து வயசுதான். போன மாசம் ஜெபத்தைப் பத்தி பாடம் எடுத்துட்டு இருந்தப்போ ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தாவுக்காக டெய்லி ஜெபம் பண்ணேன் மிஸ், ஆனா செத்துட்டாங்களே, ஏன்?"னு கேட்டான். பத்து நிமிஷம்தான் பாக்கி இருந்துச்சு, மனப்பாட வசனம் வேற சொல்லிக் குடுக்கல, அதனால "அப்புறம் சொல்றேன், உட்காரு"ன்னுட்டேன். அதுலேர்ந்து வர்றான், ஆனா வாயே திறக்கறதில்ல. பாடத்தை நான் நல்லாத்தான் தயார் பண்ணிட்டுப் போறேன். அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கணும்க்கா?

ஒரு சண்டே கிளாஸ் டீச்சர்

அன்புள்ள தங்கைக்கு,

அவன் கேட்டதை அவன் வார்த்தையிலயே ஞாபகம் வெச்சு எழுதியிருக்கீங்க, ஒரு மாசமா அது உங்க மனசைக் குடைஞ்சுட்டே இருக்குன்னு புரியுது.

பைபிள்ல யோவான் 11ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவா படிங்க. இயேசுவோட சிநேகிதன் லாசரு செத்து, கல்லறையில வெச்சு 4 நாள் ஆச்சு. அவனோட சகோதரி மார்த்தாள் இயேசுவுக்கு எதிர்கொண்டு போய், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்"னு சொல்றா, அது 21ஆம் வசனம். அப்புறம் இன்னொரு சகோதரி மரியாள் வந்து பாதத்துல விழுந்து அதையேதான் சொல்றா, 32ஆம் வசனம். உங்க பையன் கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா மார்த்தாள்கிட்ட இயேசு உயிர்த்தெழுதலைப் பத்திப் பேசுறார், இதை நீ விசுவாசிக்கிறியான்னு கேக்குறார், அவளும் தெளிவா பதில் சொல்றா. மரியாள்கிட்ட அந்தப் பேச்சையே எடுக்கல. அவ அழறதைப் பார்த்தார், அவனை எங்க வெச்சீங்கன்னு கேட்டார், அழுதார். இன்னும் கொஞ்ச நேரத்துல லாசருவை உயிரோட எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும், "அழாதம்மா, இப்ப பாரு"ன்னு சொல்லிட்டு நேரா கல்லறைக்குப் போயிருக்கலாம், போகல. எதிர்ல நிக்கிறது யாருன்னு பார்த்துத்தான் பதில் குடுத்தார்.

மார்த்தாள் மரியாளைக் கூப்பிடும்போது என்ன சொன்னா தெரியுமா, "போதகர் வந்திருக்கிறார், உன்னை அழைக்கிறார்"னு. போதகர்னா டீச்சர்தானே. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்.

என் கிளாஸ்ல முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. ஆளுக்கு ஒரு வசனமா வரிசையா வாசிக்கச் சொல்ற பழக்கம் எனக்கு. அவ முறை வரும்போது பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருப்பா, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பிள்ளை காதுல மெதுவா சொல்லும், அதை அப்படியே திருப்பிச் சொல்லுவா, விரல் மட்டும் வேற ஏதோ வரியில இருக்கும். நான் அதைப் பார்த்தேன். பார்த்துட்டு "பைபிளை ஒழுங்கா பார்த்துப் படி"ன்னு சொன்னேன். அவ வர்றதை நிறுத்தின பிறகு அவங்க அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது, அவளுக்கு எழுத்துக்கூட்டவே வராதாம். அந்தச் சின்ன விரல் இன்னும் என் கண்ணுல நிக்குது. அதுக்கப்புறம் நான் யாரையும் வரிசையா வாசிக்க வெச்சதில்ல, யாருக்கு இஷ்டமோ அவங்க வாசிக்கட்டும், இல்லன்னா நானே வாசிச்சுடுவேன்.

நீங்க தயார் பண்றதைக் குறைச்சுக்காதீங்க, தயார் பண்ணாம அன்பு மட்டும் இருந்தா போதும்னு சொல்றவங்களை எனக்கு ஒத்துக்க முடியல. ஆனா நாப்பது நிமிஷ கிளாஸ்னா இருபத்தஞ்சு நிமிஷத்துக்குத் தயார் பண்ணுங்க, மிச்சத்தை பிள்ளைங்களுக்கு விட்டுடுங்க. சனிக்கிழமை ராத்திரி 13 பேர் பேரையும் ஒவ்வொண்ணா சொல்லி ஜெபம் பண்ணுங்க, யார் முகம் சட்டுனு ஞாபகம் வரலையோ, மறுநாள் அந்தப் பிள்ளை பக்கத்துல போய் உட்காருங்க.

இன்னொண்ணு, "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாம் "புரிஞ்சுது மிஸ்"னு கோரஸா சொல்லிடும், அதை நம்பாதீங்க. மாற்கு 8ல பெத்சாயிதா குருடனைக் கைப்பிடிச்சு ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போய், கையை வெச்சுட்டு, ஏதாவது தெரியுதான்னு ஆண்டவரே கேக்குறார். மனுஷங்க மரம் மாதிரி நடக்குறாங்கன்னு அவன் உள்ளதைச் சொல்றான். அவர் கோச்சுக்கல, திரும்பவும் கையை வெச்சார். அரைகுறையாத்தான் தெரியுதுன்னு ஒரு பிள்ளை உங்ககிட்ட பயப்படாம சொல்லணும்.

இப்ப அந்தப் பையன். எல்லார் முன்னாடியும் இதை எடுக்காதீங்க, கிளாஸ் முடிஞ்சு மத்தவங்க போனதும் அவன் பக்கத்துல உட்கார்ந்து, "அன்னைக்கு நீ கேட்டப்போ நான் நின்னு கேக்கலப்பா, சாரி"ன்னு சொல்லுங்க. "எல்லாம் தேவசித்தம்"னு ஒரே வரியில முடிச்சுடாதீங்க, ஏன்னு முழுசா எனக்கும் தெரியலடான்னு சொன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. நீ பண்ண ஜெபத்தை அவர் கேக்காம இல்லைன்னு சொல்லுங்க, லாசரு செத்தப்போ அவர் அழுததைச் சொல்லுங்க. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, தாத்தா உன்னை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு கேளுங்க, அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க.

அன்புடன்,
அக்கா