ஓவியம் தெரியாதவர் பெருநகரக் கண்காட்சிகளை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பெருநகரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். திரும்பிய பக்கமெல்லாம் கண்காட்சியும் கலை நிகழ்ச்சியும் நடக்கின்றன, ஓவியத்தில் அரிச்சுவடி கூடத் தெரியாது, எதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஓவியம் படித்தவன் அல்ல, கணக்கு எழுதுகிறவன். பதினைந்து ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் இதே வேலையாக அலைந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: குறைவாகப் பாருங்கள்.

முதன்முதலில் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனபோது, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசைக் கறந்துவிடுவது என்று காலையில் கதவு திறந்ததிலிருந்து மாலையில் மூடும்வரை எல்லா அறைகளையும் சுற்றினேன். வீடு திரும்பியபின் மிஞ்சியது குதிகால் வலி. எனக்குத்தான் ரசனை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இதற்கென்று ஒரு பெயரே உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நல்ல கண்பார்வை உள்ள ஒருவரைக் காட்சிப் பொருள்களைப் பார்க்கச் சொல்லி, அவர் குனிவதையும் எக்குவதையும் படமெடுத்துக் காட்டினார். பொருளை வைத்திருக்கும் விதத்தில்தான் கோளாறு என்பது அவர் கட்சி.

அதனால் இப்போது ஒரு நாளைக்கு இரண்டே அறைகள். முதல் சுற்றில் எங்கும் நிற்க மாட்டேன். நடக்கும்போது எந்தப் படம் காலைக் கட்டுகிறதோ அதற்குத் திரும்பி வந்து இருபது நிமிடம் கொடுப்பேன். மூன்றாம் நிமிடத்திலேயே எல்லாம் பார்த்தாகிவிட்டது போலிருக்கும், கை தானாகக் கைபேசியைத் தேடும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அப்படித்தான் ஒரு முறை எலுமிச்சம் பழங்களும் பித்தளைக் குடமும் வரைந்த ஒரு சாதாரணப் படத்தின் முன் நின்றேன். பக்கவாட்டில் ஒதுங்கிச் சாய்வாகப் பார்த்தபோது எண்ணெய் வண்ணத்தின் மேடு பள்ளமெல்லாம் வெளிச்சத்தில் எழுந்து வந்தது. பழத்தோலில் தடித்திருந்த மஞ்சளுக்குள் தூரிகையின் மயிர் ஒன்று சிக்கிக் காய்ந்து போயிருந்தது. வரைந்தவர் கவனிக்கவில்லையோ, கவனித்தும் போகட்டும் என்று விட்டுவிட்டாரோ! நான் மயிரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட காவலர் மெல்ல அருகில் வந்து, “குடத்தின் வயிற்றைப் பாருங்கள்” என்றார். அதில் ஒரு ஜன்னல் மின்னியது. ஜன்னலுக்கு முன்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு உருவம். வரைகிறவரேதான். காவலர்களிடம் பேச்சுக் கொடுங்கள். நாள் முழுதும் அந்தப் படங்களோடு இருப்பவர்கள் அவர்கள்தான்.

கூட்டம் மொய்க்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் பார்ப்பதும் பலன் தரும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா வெறும் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். அதற்கு எதிர்ச் சுவரில் இத்தாலிய ஓவியர் வெரொனேசே 1563-இல் முடித்த ‘கானாவூர்த் திருமண விருந்து’ என்ற பைபிள் காட்சி ஓவியம், ஏறத்தாழ 7 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலத்தில் தொங்குகிறது. 1797-இல் நெப்போலியனின் படையினர் வெனிஸ் மடம் ஒன்றின் உணவுக்கூடத்திலிருந்து கொண்டுபோனது. மோனாலிசாவோடு செல்ஃபி எடுக்கிறவர் இந்த விருந்தை நோக்கித்தான் நிற்கிறார். பார்ப்பது என்னவோ கைபேசித் திரையை.

நீர்வண்ண ஓவியங்களும் அச்சுப் படங்களும் உள்ள அறை மங்கலாக இருந்தால் மின்சாரச் சிக்கனம் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சம் அந்த நிறங்களைத் தின்றுவிடும் என்பதால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவது வழக்கம். உள்ளே போய் இரண்டு மூன்று நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள்.

காசு செலவழிக்காமல் பார்க்கவும் வழி உண்டு. பெரிய ஏல நிறுவனங்கள் ஏலத்துக்கு முந்தைய நாள்களில் பொருள்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும். வாங்க வந்தவரா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் யாரோ ஒருவர் வீட்டுக்குள் போய்விடப்போகிற படத்தை அங்கே நிம்மதியாகப் பார்க்கலாம். கலைக் கல்லூரி மாணவர்களின் ஆண்டிறுதிக் கண்காட்சியையும் விடாதீர்கள். பாதி அரைவேக்காடாக இருக்கும், மீதிக்காகப் போகலாம். 1977 முதல் மே 18 உலக அருங்காட்சியக நாள். அன்று பல இடங்களில் நுழைவு இலவசம். 1997-இல் பெர்லினில் தொடங்கிய ‘அருங்காட்சியகங்களின் நீள்இரவு’ இப்போது பல நகரங்களில் நடக்கிறது. நள்ளிரவில் சிலைகளுக்கு நடுவே நடப்பது தனி அனுபவம், ஆனால் நெரிசல். திறப்பு விழாக்களுக்கு நான் போவதில்லை. அங்கே மனிதர்களைப் பார்க்கலாம், ஓவியத்தைப் பார்க்க முடியாது. சுவரெங்கும் ஓவியங்களை ஓடவிடும் ஒளிக்காட்சிகளுக்குக் குழந்தைகளோடு போங்கள், குறையில்லை. ஆனால் அங்கே மூல ஓவியம் ஒன்றுகூட இருக்காது, டிக்கெட் விலை மட்டும் நிஜம்.

போகும்போது சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. பிடித்ததைக் கோணல்மாணலாகவாவது வரைந்து பாருங்கள். என் நோட்டில் அந்தப் பித்தளைக் குடம் பூசணிக்காயாகத்தான் வந்திருக்கிறது.