பள்ளி மாணவர்களை இரண்டு குரலில், பாவத்தோடு (பொருளுணர்ந்து, உணர்ச்சியோடு) பாட வைப்பது எப்படி?

பலரும் ஸ்வரமும் தாளமும் சரியான பிறகுதான் பாவத்துக்கு வருகிறார்கள். அதற்குள் பிள்ளைகள் எல்லா வரியையும் ஒரே சத்தத்தில் பாடிப் பழகிவிடுகிறார்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதல் நாளே வரிகளைப் பேசுவது போல வாசிக்க விடுங்கள். எந்தச் சொல்லை அழுத்தலாம், பொருள் எங்கே முடிகிறது என்று அவர்களே சொல்லட்டும். மூச்சு எடுக்கும் இடமும் அதுதான்.

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் என்றால் கீபோர்டின் நடு 'சி'யிலிருந்து அடுத்த ஸ்தாயியின் 'டி' வரைக்குள் அடங்கும் பாட்டாக இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் உறுமுவார்கள், மேலே போனால் கத்துவார்கள்.

எடுத்ததுமே ஹார்மனி, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு குழுவும் வேறு வேறு ஸ்வரங்களில் பாடுவது, வேண்டாம். பாதிப் பேர் 'ஸ'வைப் பிடித்து நிற்க, மற்றவர்கள் மெட்டைப் பாடட்டும். அது நிலைத்த பிறகே கீழ்க்குரல், அதாவது மெட்டுக்குக் கீழே ஒலிக்கும் இரண்டாவது குரல். அதையும் வகுப்பு முழுவதற்கும் முதலில் சொல்லிக்கொடுங்கள். மெட்டு எப்படியும் காதில் ஒட்டிக்கொள்ளும், கீழ்க்குரல்தான் ஒட்டாது. மெட்டு 'க'வில் நீளும்போது கீழ்க்குரல் 'ஸ'வில் நிற்க வேண்டும். அங்கேதான் பாதிப் பேர் தங்களை அறியாமல் 'க'வுக்கு ஏறிவிடுவார்கள். காதைப் பொத்திக்கொண்டு பாடச் சொன்னால் தன் ஸ்வரம் தப்பாது, ஆனால் மற்றவரோடு சேராது. அந்த ஒரு இடத்தில் நிறுத்தி, இரு குழுவும் 'ம்ம்' என்று 8 எண்ணும் வரை பிடிக்கட்டும். தேவைப்பட்டால் கீபோர்டில் கீழ்க்குரலை மட்டும் வாசியுங்கள். மெட்டையும் வாசித்தால் திரும்ப அதன் பின்னால் ஓடுவார்கள்.

ஸ்வரம் சரி, ஆனாலும் சேரவில்லையா? வாயைப் பாருங்கள். 'ஆ'வைச் சிலர் பக்கவாட்டில் இழுப்பார்கள், சிலர் குவிப்பார்கள். 'வானம்' என்று வரி முடிந்தால் 'ன'வை நீட்டி, உங்கள் கையசைவில் எல்லோரும் ஒன்றாக 'ம்' என்று மூட வேண்டும். முந்திக்கொண்டு மூடும் இரண்டு பேர் போதும், வரி சப்பென்று போய்விடும்.

சன்னமாகப் பாடச் சொன்னால் ஸ்ருதி இறங்குவது வழக்கம். சத்தத்தோடு மூச்சின் பிடிப்பையும் விட்டுவிடுவதுதான் காரணம். 'ஸ்ஸ்' என்று 12 எண்ணும் வரை சீராக விடவைத்து, அதே பிடிப்போடு உடனே வரியைப் பாடச் சொல்லுங்கள். நீண்ட வரியில் பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும்போது தான் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குரல் உடையும் வயதுப் பையன்களை வாயசைத்தால் போதும் என்று ஒதுக்காதீர்கள். அவர்களுக்கு எட்டுவது நாலைந்து ஸ்வரங்களாகவே இருக்கலாம். அதற்குள் அடங்கும்படி ஒரு எளிய கீழ்வரி எழுதிக்கொடுங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை எட்டும் ஸ்வரங்களைச் சோதித்து அதை மாற்றுங்கள்.