யூரிக் அமிலம் நார்மல் என்றால் கவுட் இல்லையா?

கேள்வி: எனக்கு 47 வயது. போன மாதம் நள்ளிரவில் வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே உயிர் போனது. மறுநாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 5.9. அதனால் கவுட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்தில் தானாகச் சரியானது. ஆறு மாதத்துக்கு முன் கணுக்காலிலும் இப்படி வந்தது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பருப்பு, தக்காளியை நிறுத்த வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்வதெல்லாம் கவுட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் மூட்டுவாதம் என்றே காட்டுகிறது. 5.9 என்ற எண்ணை மட்டும் வைத்து அதை ஒதுக்கக் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்கி, நார்மலாகத் தெரிவது உண்டு. வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பாருங்கள். அப்போது கிடைக்கும் அளவைத்தான் நம்பலாம். ஆனால் அளவு கூடுதலாக இருக்கிற பலருக்குக் கவுட் வருவதே இல்லை. அதனால் எண் மட்டும் எதையும் முடிவு செய்யாது. மூட்டு நீரை ஊசியால் எடுத்து, துருவ ஒளி நுண்ணோக்கியில் ஊசி வடிவப் படிகங்களைப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

அடுத்த முறை மூட்டு வீங்கும்போது காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் பார்க்க இப்படித்தான் இருக்கும். அது சில நாட்களில் மூட்டையே அரித்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பிரஷர் மாத்திரைதான். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற, சிறுநீரை அதிகமாக்கும் மருந்துகள் யூரிக் அமிலத்தை ஏற்றும். அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லோசார்டான் என்ற பிரஷர் மருந்து யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும்.

பருப்பையும் தக்காளியையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். பாவம், இவற்றின் மேல் வீண்பழி. பருப்பு, கீரை வகைகளால் கவுட் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. குறைக்க வேண்டியது ஈரல், ஆட்டிறைச்சி, நெத்திலி, மத்தி, சர்க்கரைக் குளிர்பானம். பீர் வேண்டவே வேண்டாம். ஆனால் சாப்பாட்டை மாற்றுவதால் மட்டும் அளவு பெரிதாக இறங்கிவிடாது.

வலி வந்தால் முதல் நாளிலேயே மருந்து தொடங்குவது நல்லது. கோல்சிசின், வலி மாத்திரை, ஸ்டீராய்டு என மூன்று வழி உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் வலி மாத்திரை ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். முதலில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள்.

வலி போனதும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு வருத்தம். படிகங்கள் உள்ளேயே இருக்கும். வலி அடிக்கடி வந்தால், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரை தேவைப்படும். 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை படிப்படியாகக் கூட்ட வேண்டும். படிகம் கரையும்போது முதல் சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். அதைத் தடுக்க 3 முதல் 6 மாதம் குறைந்த அளவு கோல்சிசின் சேர்த்துத் தருவோம். வலி வந்துவிட்டதே என்று அலோப்யூரினாலை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.