வாசகர் கேள்வி: வடக்குக் கடற்கரையில் நான்கு நாள்

கேள்வி: பாரிஸுக்கு அருகே லா கூர்நெவ்வில் வசிக்கிறோம். ஆறும் ஒன்பதும் வயதான இரு பிள்ளைகளுடன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியாரும் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. எங்களிடம் கார் இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் நான்கு நாள் அலைச்சல் இல்லாமல் தங்க எந்தக் கடற்கரை ஏற்றது?

பதில்: சொம் ஆறு கடலில் கலக்கும் விரிகுடாவில் உள்ள லெ க்ரோத்துவாவுக்குச் செல்லுங்கள். அப்பக்கத்துக் கடற்கரைகள் பெரும்பாலும் மேற்கு நோக்கியிருக்க, இவ்வூர்க் கடற்கரை தெற்கு நோக்கியிருப்பதால் நாள் முழுவதும் வெயில் கிடைக்கும். சிறிய ஊர் என்பதால் கடை, உணவகம், மணல் எல்லாம் நடை தூரத்தில் இருக்கும். உங்கள் மாமியாருக்கு அதுவே பெரிய வசதி.

பாரிஸ் வடக்கு நிலையத்திலிருந்து அமியேன் வழியாக நுவாயல்-சுர்-மேர் வரை ரயிலில் செல்லலாம். 1887இல் திறக்கப்பட்ட சிறு ரயில் பாதை அங்கிருந்து ஒரு பக்கம் லெ க்ரோத்துவாவுக்கும், மறுபக்கம் சேன்-வலரி வழியாகக் கயேவுக்கும் பிரிகிறது. அதில் இன்று ஓடும் நீராவி ரயிலில் விரிகுடாவைச் சுற்றிச் சேன்-வலரி சென்று திரும்புவதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் ஒரே அளவு மகிழ்ச்சி தரக்கூடிய பயணம் அது.

மற்ற மூன்று நாள்களின் பொழுதையும் கடலே தீர்மானிக்கட்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். யாழ்ப்பாணக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கேயோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் 9 மீட்டரையும் தாண்டும். காலையில் கரையைத் தொட்டு நின்ற நீர் பிற்பகலில் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடுவதைக் கண்டு, வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று உங்கள் மாமியார் வியக்கக்கூடும். நீர் நிறையும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே, போய்ச் சேர்ந்ததும் சுற்றுலா அலுவலகத்தில் ஓத அட்டவணையை வாங்கி, நீர் நிறைந்திருக்கும் சில மணி நேரத்தில், உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் குளியுங்கள். ஆகஸ்டிலும் நீர் குளிர்ந்தே இருப்பதால் பிள்ளைகளை அடிக்கடி கரைக்கு அழைத்துத் துவட்டிவிடுங்கள்.

நீர் வற்றிய பிறகு தெரியும் பெருமணல்வெளி பிள்ளைகளை மிகவும் ஈர்க்கும். கரையோரத்தில் அவர்கள் விளையாடட்டும். வழிகாட்டி இல்லாமல் ஒருபோதும் உள்ளே நடக்க வேண்டாம். திரும்பி வரும் நீர் முதலில் பின்புறத்து ஓடைகளில் ஏறுவதால், எதிரே காய்ந்த மணல் தெரியும்போதே திரும்பும் வழி அடைபட்டுவிடும். கடலில் ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 196.

கேள்வி: அதே விரிகுடாவில் கடல்நாய்களைப் பார்க்கலாம் என்கிறார்களே, பிள்ளைகளை எவ்வளவு அருகில் அழைத்துச் செல்லலாம்?

பதில்: நீர் வற்றும்போது லெ ஊர்தெல் முனைக்கு எதிரேயுள்ள மணல்திட்டுகளில் அவை படுத்திருக்கும். குறைந்தது 300 மீட்டர் விலகி நின்று, தொலைநோக்கி வழியாகப் பாருங்கள். கோடையில் பிறக்கும் குட்டிகள் பால் குடிப்பதும் இளைப்பாறுவதும் அந்தத் திட்டுகளில்தான். மனிதர் நெருங்கியதும் தாய் மிரண்டு நீரில் இறங்கினால் குட்டி பசியோடு தனித்துவிடும். இதைப் புறப்படும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால், அவர்களே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.